ஓகே கொடுக்கச் சொன்னது யார்

கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையைப் பார்க்காமல் என்னால் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. அங்கே சின்னதாக ஒரு புள்ளி வந்தாலும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்ப்பேன். "உனக்கு வேற நோவே வேண்டாம், அந்த மூலை ஒண்ணு போதும்" என்பார் என் கணவர். சிரிக்கத்தான் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சேலத்திலிருந்து நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன மில்லுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள் நான். மில்லின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பில் போடுகிற கம்ப்யூட்டர், கேமரா கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. அவை நின்றால் திட்டு வாங்கிக்கொண்டு சரிசெய்துவிடுவேன். கவலையெல்லாம் கலவை அறையில் இருப்பதைப் பற்றித்தான். மக்காச்சோளம் எத்தனை கிலோ, சோயா புண்ணாக்கு எத்தனை, சுண்ணாம்புக்கல் தூள் எத்தனை என்று இயந்திரத்துக்குச் சொல்வது அதுதான். அந்தக் கம்ப்யூட்டருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு கார்டு இருக்கிறது. அந்தக் கார்டைச் செய்தவர்கள் கடையைக் கட்டி வெகு காலமாகிறது. பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு மட்டும்தான் அது பேசும். புதிய பதிப்பு ஏறினால் வாயை மூடிக்கொள்ளும், மில் நிற்கும். மில் நின்றால் எங்கள் முதலாளியின் பண்ணையில் கோழிகள் எதைத் தின்னும்? பரவாயில்லை, நாளைக்குத் தின்கிறேன் என்று எந்தக் கோழியும் சொல்லாது.

சுற்றி வளைத்துப் பேசினால் எனக்கே பொறுக்காது, சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அந்தப் புதிய பதிப்பு ஏறிவிட்டது. ஏற்றியவர் கலவை அறை ஆபரேட்டர். சேந்தமங்கலத்துக்காரர், என் தம்பி வயது. ஏற்றச் சொன்னது நான்.

அன்றைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். தலைவலி வேறு. ராசிபுரம் தாண்டும்போது அவர் போன் செய்தார். எதை அழுத்துவதாக இருந்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் அழுத்த வேண்டும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். பாவம், அவரும் ஒன்று விடாமல் கேட்பார். அந்த வாரத்தில் அது நான்காவது தடவை.

"அக்கா, அப்டேட்டுனு என்னமோ வந்திருக்குதுங்க. ஓகேவா வேண்டாமான்னு கேக்குதுங்க."

"எத்தனை தடவைங்க சொல்றது? அது செக்யூரிட்டி அப்டேட்தான். எது வந்தாலும் ஓகே குடுங்க. சும்மா சும்மா போன் பண்ணாதீங்க!"

"இல்லீங்கக்கா, இது கொஞ்சம் பெருசா..."

நான் போனை வைத்துவிட்டேன். அந்த "பெருசா" என்ற சொல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அரை நிமிடம் கேட்டிருந்தால் போதும்.

நான் மில்லுக்குள் கால் வைத்தபோது இயந்திரச் சத்தமே இல்லை. கலவை அறையில் திரை பளிச்சென்று புது முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது. கார்டு இருப்பதையே அது கண்டுகொள்ளவில்லை. முதலாளி வந்தார். ஆபரேட்டர் சுவரோடு ஒட்டி நின்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியைத் தேடுகிற சாக்கில் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"உன்னைய ஆருடா அமுத்தச் சொன்னது?" என்று முதலாளி கத்தினார்.

ஆபரேட்டர் ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். எனக்கு முதுகில் தெரிந்தது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாம அமுத்தீட்டனுங்க" என்றார்.

"வேலில போற ஓணானை எடுத்து மடியில உட்டுட்டு, தெரியாமயாமா! ஊட்டுக்குப் போ. வேணும்னா சொல்லி உடறேன்."

அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். முதலாளி சொல்லி விடவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பழைய பதிப்புக்குத் திரும்பப் பத்து நாள் அவகாசம் கொடுக்கிறது அந்த சிஸ்டம். திரும்புவது லேசாக இல்லை. பாதியில் நின்று, மறுபடி தொடங்கி, இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் ஆட்கள் தரையில் கொட்டி மண்வெட்டியால் தீவனம் கலந்தார்கள். சுண்ணாம்புத் தூள் ஒரு பக்கம் குவிந்தது, ஒரு பக்கம் இல்லாமலே போனது. பண்ணையில் ஓடில்லாத தோல் முட்டை விழத் தொடங்கிற்று. மூன்றாம் நாள் இயந்திரம் ஓடியதும் முதலாளி எல்லோர் முன்னாலும், "அம்மிணி இல்லீன்னா நம்ம பொழப்பு சிரிப்பா சிரிச்சிருக்கும்" என்றார். ஒரு அட்டை முட்டையைக் கயிறு போட்டுக் கட்டி என் கையில் கொடுத்தார். உடைத்தவளும் நான், ஒட்டவைத்தவளும் நான். ஒட்டவைத்ததற்கு மட்டும் பரிசு. சேலம் வரைக்கும் அந்த முட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் குழம்பு வைத்தேன். சாப்பிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு வந்ததும் மறுநாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனபின் சொன்னால், "இத்தனை நாள் என்ன பண்ணுனீங்க?" என்ற கேள்வி அல்லவா முதலில் வரும்? மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க, வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் சாமியாரிடம், "கோபப்பட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வருஷமும் அதையே சொன்னேன். அவரும், "பொறுமையா இரும்மா" என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்.

முதலாளி அடுத்து ஒரு காரியம் செய்தார். கலவை அறைக் கம்ப்யூட்டரின் நெட் ஒயரைப் பிடுங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"வாசலே இல்லீன்னா எவன் உள்ள வருவான்?" என்றார்.

"செக்யூரிட்டி அப்டேட்டும் அந்த வழியாத்தாங்க வரும். அது வேணுங்க."

"வேண்டாமுங்க அம்மிணி. ஒருக்கா பட்டது போதும்."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். வேறு சமயமாக இருந்தால் ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன். எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அப்டேட் என்று பேச்சை எடுத்தால் அந்த நாளுக்குத்தான் பேச்சுப் போகும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துக் கோழிக்காரர்களுக்கு நோய் என்றால் அப்படி ஒரு பயம். லாரிச் சக்கரத்துக்கு மருந்து அடிக்காமல் கேட் திறக்காது. யாராக இருந்தாலும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்து, சொந்தச் செருப்பை வெளியே விட்டு, மில் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சம்பந்தியையே பட்டு வேட்டியோடு தொட்டியில் இறக்கியவர் எங்கள் முதலாளி. தீவனத்துக்குப் பார்முலா போட்டுத் தருகிற கோழி டாக்டருக்கும் அதே சட்டம். முன்பெல்லாம் அவர் பார்முலாவை மெயிலில் அனுப்புவார். ஒயரைப் பிடுங்கிய பிறகு பென் டிரைவில் கொண்டுவரத் தொடங்கினார். வருவார், காலை நனைப்பார், கையைக் கழுவுவார், செருப்பை மாற்றுவார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நேராகச் செருகுவார். காலையில் இன்னொரு மில்லில் செருகியிருந்த அதே பென் டிரைவ். காலைக் கழுவச் சொன்ன எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. முதலாளியை விடுங்கள், கம்ப்யூட்டர் பார்க்கிறவள் என்று சம்பளம் வாங்குகிற எனக்கே உறைக்கவில்லை.

ஒரு நாள் அவர் வந்துபோன கொஞ்ச நேரத்தில் பார்முலாக்கள் எதுவும் திறக்கவில்லை. பெயரெல்லாம் கிறுக்கலாக மாறிக் கிடந்தது. வைரஸ். எப்போதோ திருத்தம் வந்து அடைபட்டிருக்க வேண்டிய ஓட்டை, எங்களிடம் ஒரு வருஷமாகத் திறந்தே கிடந்திருக்கிறது. நல்ல வேளை, முழு வட்டுக்கும் ஒரு நகல் எடுத்துத் தனியே வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அழித்து, நகலை ஏற்றி, மத்தியானத்துக்குள் இயந்திரத்தை ஓடவிட்டேன். 

"ஒயரே இல்லீங்களே! எந்த வழியா வந்துச்சு?" என்றார் முதலாளி.

பென் டிரைவ் செருகும் ஓட்டையைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, நல்லா முட்டை போடற கோழி ரகத்தை மாத்துங்கன்னு எவனாவது சொன்னா மாத்துவீங்களா?"

"என்னத்துக்கு மாத்தோணும்?"

"சரி. ரகத்தை மாத்த மாட்டேன்னுட்டு வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடாம விடுவீங்களா?"

"அதெப்படிங்க? அது வேற, இது வேறயாச்சே."

"அதேதாங்க! புதுப் பதிப்புங்கறது ரகத்தை மாத்தறது. செக்யூரிட்டி அப்டேட்டுங்கறது தடுப்பூசி. ரகம் வேண்டாம்னு சொல்லி ஊசியையும் நிறுத்தி வெச்சிருக்கோம்."

 முதலாளி போய் இழுப்பறையைத் திறந்து ஒயரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

செய்ய வேண்டியதை நான் முன்பே படித்து வைத்திருந்தேன். அப்டேட்டையே ஒட்டுமொத்தமாக நிறுத்திப் பார்ப்பது வீண். பில் கம்ப்யூட்டரில் ஒரு தடவை நிறுத்தினேன், நாலாம் நாள் தானாக எழுந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் ப்ரோ வகை. அதன் உள் அமைப்புகளில் எந்தப் பதிப்பிலேயே நிற்க வேண்டும் என்று எழுதுகிற கட்டம் ஒன்று உண்டு. அதில் எங்கள் பதிப்பின் எண்ணை எழுதினேன். அவ்வளவுதான். மாதாமாதம் வருகிற பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். புதிய பதிப்பு வாசலோடு நிற்கும். இதுவும் அந்தப் பதிப்புக்கு ஆயுசு இருக்கிற வரைக்கும்தான், அதற்குள் புதுக் கார்டுக்கு வழி பண்ணியாக வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மெயில் திரும்பியதால் பென் டிரைவுக்கும் வேலை போயிற்று. மொத்தம் கால் மணி நேர வேலை. ஒரு வருஷமாகச் செய்யாமல் விட்ட கால் மணி நேரம்.

முதல் திருத்தங்கள் இறங்கி, மில் நின்றிருந்த சாப்பாட்டு நேரத்தில் ரீஸ்டார்ட் கொடுத்தேன். திரை கறுப்பானது. மாதாவே, மாதாவே என்று நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். பழைய முகத்தோடு அது எழுந்து வந்தது. பட்டனைத் தட்டினேன், மேலே மக்காச்சோளம் சரசரவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. என்ன சந்தோஷம் வந்திருக்க வேண்டும்? வரவில்லை. நிம்மதி என்ற சாமானை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிற மாதிரியே இருந்தது.

சனிக்கிழமை கோழி டாக்டர் வந்தார். பென் டிரைவைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டதாகச் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் எந்த மில்லில் செருகினீர்கள் என்று கேட்டேன்.

"புதன்சந்தை ஊருக்கு இந்தப்பக்கம் ஒரு சின்ன மில்லும்மா. அங்கயும் இதே கூத்துதான். உங்க பழைய ஆபரேட்டர்தான் அங்க இருக்கார். திரையில எது வந்தாலும் வேண்டாம், வேண்டாம்னே அமுத்துவாராம். ஒரு வருஷமா ஒரு அப்டேட்டும் உள்ள விடலை. அந்த முதலாளியம்மா செம கோபத்துல இருக்காங்க. இந்த வாரத்தோட நிறுத்தப் போறாங்க."

எங்கள் முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். "அவன் போற எடமெல்லாம் அப்படித்தானுங்க. இங்க ஓகே குடுத்துக் கெடுத்தான், அங்க வேண்டாம்னு சொல்லிக் கெடுக்கறான். மரமண்டை."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிற்று. யார் மேல் கோபம்? என் மேல்தான். ஆனால் சத்தம் முதலாளியைப் பார்த்து வந்தது.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க! அன்னைக்கு ஓகே குடுக்கச் சொன்னது நான். போன்ல நான்தான் சொன்னேன். என்னன்னு சொல்ல வந்தாரு, கேக்காம வெச்சேன். இத்தனை நாள் சொல்லாம இருந்ததும் நான்தான்."

டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார். முதலாளி சிரிப்பை நிறுத்தினார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"அன்னைக்குக் குடுத்த முட்டையத் தின்னீங்களா?"

"தின்னேங்க."

"தொண்டையில எறங்குச்சுங்களா?"

அவர் எழுந்து போய்விட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மிணி என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. இப்போது வெறும் "ஏனுங்க" தான். கூட்டமாக இருக்கும்போது யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு நொடி எனக்கே தெரிவதில்லை.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசை முடிந்ததும் முடியாததுமாகப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அந்தச் சின்ன மில் கேட்டிலும் மருந்துத் தொட்டி இருந்தது. காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனேன். முதலாளியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபரேட்டர் மூட்டை தைக்கிற இடத்தில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்றார். அந்த மரியாதைதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. நின்றவாக்கிலேயே அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பஸ்ஸில் வந்த போன், நான் சொன்ன வார்த்தை, இவர் என்னைக் காட்டிக்கொடுக்காதது, என்னால் பட்ட பயத்தில்தான் இங்கே எதையும் உள்ளே விடாமல் இருந்தது, எல்லாம். 

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் அந்த அம்மா. "அவர் எங்கயும் போக வேண்டாமுங்க. வந்தது வந்தீங்க, அந்தக் கருமத்தைச் சரிபண்ணிக் குடுத்துட்டுப் போங்க."

சரிபண்ணினேன். முதலில் வைரஸை ஒழித்தேன். அதே வகை கம்ப்யூட்டர், அதே பழைய கார்டு, அதே கட்டம். பதிப்பின் எண்ணை எழுதினேன். ஒரு வருஷத்துத் திருத்தங்களும் ஒவ்வொன்றாக இறங்கின. ஆபரேட்டர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மவுஸை அவர் பக்கம் நகர்த்தினேன். தொடவில்லை.

"அன்னைக்கு என் பேரைச் சொல்லியிருக்கலாமேங்க" என்றேன், திரையைப் பார்த்துக்கொண்டே.

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சனுங்க அக்கா. நாலு நாள் போனைக் கையிலயே வெச்சிருந்தேன். அப்பறம் ஊட்டுல அரிசி வேணுமல்லங்க, இங்க வந்துட்டேன்."

கோபமில்லாமல், குத்தல் இல்லாமல், மழை வரலை என்பது போலச் சொன்னார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. அழக்கூட அருகதை இல்லை என்று தோன்றியதால் மூக்கைச் சிந்திக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

"எதுக்கு ஓகே, எதுக்கு வேண்டாம்னு எழுதிக் குடுங்க அக்கா."

எழுதினேன். பாதுகாப்பு அப்டேட் வந்தால் ஓகே கொடுக்கவும். புதிய பதிப்பு என்று வந்தால் வேண்டாம் கொடுக்கவும். சந்தேகம் இருந்தால் எத்தனை தடவையானாலும் எனக்குப் போன் செய்யவும்.

வாங்கி நிதானமாகப் படித்தார். திருப்பி என்னிடமே நீட்டினார்.

"கீழ கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். மறுபடி பார்த்தார்.

"தேதியும் போடுங்கக்கா."

அதையும் போட்டேன். அப்போதும் அவர் தாளை வாங்கவில்லை. வெளியே எட்டிப் பார்த்து முதலாளியம்மாவைக் கூப்பிட்டார். அவர் வந்து நின்றதும் என் பக்கம் திரும்பி, "இவங்க முன்னால ஒருக்கா சத்தமா படிச்சுருங்க அக்கா" என்றார்.

படித்தேன்.